பயிற்சி எண் ஒன்று: நார்மல்

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கென்றே பிறந்தவள் நான் என்று எங்கள் கல்லூரியில் மற்ற டியூட்டர்கள் கேலி செய்வார்கள். கேலியில் தப்பில்லை. ஒரு நோட்டுக்கு நாலு நொடிதான் எடுத்துக்கொள்வேன். தேதி இருக்கிறதா, படத்தைப் பென்சிலில் வரைந்திருக்கிறார்களா, மார்ஜின் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, கீழே 'நன்று' என்று எழுதி, திலகவதி என்று கிறுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தால் என் ஆயுசு போதாது.

தொப்பி வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. அதன் உண்மையான பெயர் உணர்வுப்பதிவி. நர்சிங் இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் அதைச் சேர்த்து நாலு வருடம் ஆகிறது. ஒருவர் தலையில் மாட்டி பத்து நிமிடம் உட்கார வைத்தால் அவர் மனநிலை ஒரு ஃபைலாகப் பதிந்துவிடும். அதை இன்னொருவர் தன் தொப்பியில் ஓட்டிப் பார்க்கலாம். வாய் திறந்து சொல்ல முடியாத நோயாளிகளுக்கு என்ன செய்கிறது என்று நர்சுகள் தெரிந்துகொள்ளக் கண்டுபிடித்தது.

இந்த வருடம் முதல் வகுப்பில் ஜெர்லின் என்கிற பெண் எழுந்து, இதைப் போட்டால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். கேள்வி கேட்டதற்கே மன்னிப்புக் கேட்பது போல நிற்பாள்.

"நெனப்பெல்லாம் தெரியாது கண்ணு" என்றேன். "நெஞ்சுல எவ்வளவு பாரம், வயித்துல எவ்வளவு பயம், அது மட்டுந்தான் தெரியும். அதுவும் முழுசாத் தெரியாது. உனக்கும் அவங்களுக்கும் இருக்கற வித்தியாசம் மட்டும் தெரியும். தண்ணிக்குள்ள கைய விடற. உன்ற கையவிடத் தண்ணி சூடா இருந்தாச் சுடுது. ரெண்டும் ஒரே சூடுன்னா ஒண்ணுமே தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும்."

அவள் தலையாட்டி உட்கார்ந்தாள். நானும் அந்த வருடத்துக்கான விளக்கத்தை முடித்துக்கொண்டேன்.

மொத்தம் இருபது பதிவுகள். பத்தொன்பது வார்டில் எடுக்க வேண்டும். முதலாவது மட்டும் லேபிலேயே எடுப்பது. பயிற்சி எண் ஒன்று, நார்மல். ஆரோக்கியமான ஓர் ஆளைப் பதிந்து வைத்துக்கொண்டுதானே நோயாளியை அளக்க முடியும்? ஆரோக்கியமான ஆளைத் தேடி யாரும் ஊருக்குள் அலைவதில்லை. பிரஷர் பார்க்கக் கற்றுக்கொள்ளும்போது பக்கத்து பெஞ்சுக்காரன் கையைத்தான் நீட்டச் சொல்கிறோம். அதே போல இதற்கும் பக்கத்து பெஞ்சுக்காரன்தான். மாணவன் என்றால் நன்றாக இருப்பவன் என்பது மருத்துவப் படிப்பில் யாரும் எழுதிவைக்காத சட்டம்.

வம்பு ஒரு வியாழக்கிழமை ஆரம்பித்தது. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. லேப் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். காலையில் திறந்ததும் அது எனக்கு ஒரு பட்டியல் கொடுத்தது. அறுபது மாணவர்களின் நார்மல் பதிவும் ஒரே ஃபைல். ஏழாவது நிமிடத்தில் யாரோ உடம்பை லேசாக அசைத்தது வரை ஒன்றாக இருந்தது. எல்லோரும் அவரவர் பெயரைப் போட்டு ஏற்றியிருந்ததால் முதல் ஆள் யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

காப்பி அடிப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் பத்து நிமிடம் கண்ணை மூடிச் சும்மா உட்காருவதைக்கூடவா காப்பி அடிப்பார்கள்? கோபம் தலைக்கு ஏறியது. நேராக வகுப்புக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன். ஐம்பத்தொன்பது பேரும் மறுபடி பதிய வேண்டும், ஃபைலைக் கொடுத்த அந்த ஒரு ஆள் யாரென்று தெரிந்தால் திங்கட்கிழமைத் தேர்வு எழுத விடாமல் டிபார் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, துறைத் தலைவருக்கு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எழுதும் முன் ஃபைலை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. நாலு வருடத்தில் ஒரு நார்மல் பதிவை நான் போட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

முதலில் மூச்சு முட்டியது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பும்போது வயிற்றில் ஒன்று கவ்வுமே, எல்லோருக்கும் தெரியும், ஒரு நொடிதான் இருக்கும். இதில் அந்த நொடி முடியவே இல்லை. இரண்டாவது நிமிடம் அதற்கும் அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. அழுகையாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். அது அழுகை இல்லை. எல்லாம் இத்தோடு முடிந்தால் தேவலை என்கிற ஒரு சலிப்பு. மூன்றாவது நிமிடத்தில் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். ரிப்போர்ட்டை எழுதாமல் மூடிவைத்தேன்.

போன வருடம் பிரதோஷ் என்று ஒரு பையன் எங்களிடம் படித்தான். ஹாஸ்டலில் உயிரை விட்டான். இரங்கல் கூட்டம் போட்டோம். ஒரு வாரம் யோகா வகுப்பு நடத்தினோம். எட்டாம் நாள் இன்டர்னல் தேர்வு வைத்தோம். அவன் ரெக்கார்டு நோட்டை அவன் அப்பாவிடம் கொடுத்தபோது அவர் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பயிற்சி எண் ஒன்று, நார்மல். கீழே 'நன்று' என்று என் கையெழுத்து. அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மகன் நன்றாகப் படித்தான் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார் பாவம்.

இப்போது இன்னொரு பிரதோஷ் அந்த அறுபது பேருக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறான், அல்லது உட்கார்ந்திருக்கிறாள். அது யாரென்று கண்டுபிடிக்க வேண்டிய நானே காலையில், யாரென்று தெரிந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டு வந்திருக்கிறேன். பேட்ச் ஆளைக் காட்டிக்கொடுப்பது எங்கள் பிள்ளைகளிடம் நடக்காது. கொலையே செய்திருந்தாலும் மூச்சு விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பீரியடே போனேன். யாரையும் எதுவும் செய்ய மாட்டேன், அந்த ஃபைல் யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். தனித்தனியாகக் கூப்பிட்டும் கேட்டேன். கெஞ்சாத குறை. அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஜெர்லின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த வகுப்பில் நகம் கடிக்காத ஆளைத்தான் தேட வேண்டும்.

கடைசியில் கிருத்திக்கைப் பிடித்தேன். வகுப்புப் பிரதிநிதி. நாமக்கல் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் ஹாஸ்டல் கம்பிக்குள் இருந்து படித்துவிட்டு வந்தவன். சிரித்தால்கூட மார்க் குறையுமோ என்கிற முகம்.

"நேத்து டிபார்னு சொன்னீங்க, இன்னைக்குச் சும்மா கேக்கறேங்கறீங்க. எப்படி மேடம் நம்பறது?" என்றான்.

நியாயமான கேள்வி. நம்பவேண்டாம், ஒரே ஒரு பதில் மட்டும் சொல்லு என்றேன். அந்த ஃபைலை வாங்கினீர்களே, ஒருவராவது போட்டுப் பார்த்தீர்களா? பார்த்தும் எப்படி அதை நார்மல் என்று ஏற்றினீர்கள்?

"எல்லாருமே போட்டுப் பாத்தோம் மேடம். அதுல ஒண்ணுமே இல்ல. காலி ஃபைல் மாதிரி இருந்துச்சு. அதனாலதான் நார்மலுக்குச் சரியா இருக்கும்னு எடுத்துக்கிட்டோம்."

பொய் சொல்கிறான் என்று அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அப்போதுதான் நான் வருடா வருடம் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும் தண்ணீர்க் கதை எனக்கே உறைத்தது. ஒரே சூடு என்றால் ஒன்றுமே தெரியாது.

அவனை அங்கேயே நிற்கச் சொன்னேன். ஒரு தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டி, அந்த வகுப்புக்கு நடுவிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பதிந்தேன். உத்தமமான மனநிலை ஒன்றும் இல்லை. மூட்டு வலி இருந்தது. காலையில் வீட்டுக்காரரோடு கேஸ் சிலிண்டர் புக் பண்ணாததற்குச் சண்டை. இந்தப் பிள்ளைகள் மேல் கோபம், அதைவிடப் பயம். சண்டை வந்தால் சத்தம் போட்டுத் தீர்த்துவிட்டு, தட்டு நிறையச் சாப்பிட்டு, பத்து மணிக்குத் தூங்கிவிடுகிற ரகம் நான். அவ்வளவுதான் என் தகுதி. அந்த ஃபைலைக் கிருத்திக்கிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு நிமிடம் போதும் என்றேன். அவன் கழற்றவில்லை. மூன்று நிமிடம் ஆனது. தோள்கள் கீழே இறங்கின. அந்தப் பையனின் தோள் அவ்வளவு நாளும் காதுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு உங்களுக்கு ஏதாவது விசேஷமா மேடம்?" என்று கேட்டான்.

"விசேஷமா? உங்க மேல கொலைவெறியில உக்காந்திருக்கேன்டா."

"இதுதான் கொலைவெறியா?" என்றான். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். பிறகு மெதுவாக, "எல்லாரும் வெளிய இப்படியேதான் இருப்பாங்களா மேடம்? எப்பவுமேவா?" என்றான்.

நான் டஸ்டரை எடுத்தேன். அந்தப் பக்கம் திரும்பி, போர்டை அழிப்பது போல நின்றுகொண்டேன்.

மதியம் அவர்களின் வார்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பிரசவ வார்டில் குழந்தையைப் பறிகொடுத்த ஓர் அம்மாவின் பதிவு இருந்தது. பதினோரு பேர் அதைப் போட்டுப் பார்த்து ரிப்போர்ட் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் 'இயல்புக்கு அருகில்' என்று எழுதியிருந்தார்கள். அதை வைத்து அந்த அம்மாவை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் யாரும் பொய் எழுதவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுபது பேரையும் லேபுக்கு வரச் சொன்னேன். பத்துத் தொப்பி, ஆறு சுற்று. ஒவ்வொருவரையும் புதிதாகப் பதிந்தேன். பேர் சொல்ல மாட்டார்கள் என்றால் நானே போட்டுப் பார்த்து அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும் என்று புரிந்திருந்தது, ஆனால் முழுசாக அவ்வளவு பாரத்தை எத்தனை பேர் சுமக்க முடியும்? ஒருவர், மிஞ்சினால் இருவர்.

முதல் ஃபைலைப் போட்டதும் கிடைத்துவிட்டது. அதே கவ்வல், அடியில் அதே சலிப்பு. சக்தி மீனா என்கிற பெண். அலையவிடாமல் முதலிலேயே கிடைத்ததே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, நீதானே கண்ணு என்றேன். அவள் விழித்தாள். சத்தியமாக நான் இல்லை, நானும் மற்றவர்கள் மாதிரி வாங்கித்தான் போட்டேன் என்றாள்.

இரண்டாவது ஃபைலும் அதே மாதிரி இருந்தது. மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவதில் எனக்கு வியர்த்தது. ஒன்றில் பயம் கொஞ்சம் தூக்கல், ஒன்றில் சலிப்பு கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆளுக்கு ஒரு நிமிடம், அறுபது நிமிடம் அதற்குள் இருந்தேன். ஓர் ஆளைத் தேடிப் போனவளுக்கு அறுபது பேர் கிடைத்தார்கள். காப்பி அடித்தார்கள் என்று நான் கத்தியதே தப்பு. அவரவர் சொந்தமாகப் பதிந்திருந்தாலும் அதையேதான் ஏற்றியிருப்பார்கள்.

நேராகத் துறைத் தலைவர் டாக்டர் செங்கோட்டுவேல் அறைக்குப் போனேன். நல்ல மனுஷன். பிரதோஷ் வீட்டுக்கு என்னோடு வந்தவர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அறுபது பேருக்கும் ஒரே மாதிரி இருந்தா அதாம்மா நார்மல். பெரும்பாலான பேருக்கு எப்படி இருக்குதோ அதைத்தான புஸ்தகத்துல நார்மல்னு போடறோம்?" என்றார்.

"அறுபது பேருக்குக் காச்சல் அடிச்சா அதையும் நார்மல்னு போட்டுடலாமுங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் படித்த காலத்திலும் இப்படித்தான் இருந்ததென்றும், அதனால் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை என்றும் ஆரம்பித்தார். பாதியில் பிரதோஷ் ஞாபகம் வந்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். நான் தொப்பியை நீட்டி ஒரே ஒரு ஃபைலைப் போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பத்தரைக்கு மீட்டிங் இருக்கிறது, திங்கட்கிழமை வெளித் தேர்வாளர் வருகிறார், ரெக்கார்டு எல்லாம் கையெழுத்தாகித் தயாராக இருக்கட்டும் என்றார்.

கையெழுத்துத்தானே, அது எனக்குத் தெரிந்த வேலை என்று எழுந்தேன்.

தொப்பிக்கான கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. நோயாளிகளைக் காப்பாற்றுவதற்காக எழுதியது. ஒரு பதிவைப் பார்த்து 'இயல்பு அல்ல' என்று டியூட்டர் கையெழுத்துப் போட்டால், அந்த ஆளுக்கு அன்றே ஓ.பி. சீட்டு எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதும்வரை அவரை வேலைக்கோ தேர்வுக்கோ அனுப்பக் கூடாது. அந்த ஆள் மாணவனாக இருக்கக் கூடாது என்று விதியில் எங்கேயும் சொல்லவில்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒரு சந்தேகமே வரவில்லை போலிருக்கிறது.

அறுபது நோட்டையும் எடுத்தேன். பயிற்சி எண் ஒன்றின் கீழே, எந்த இடத்தில் 'நன்று' என்று எழுதுவேனோ அந்த இடத்தில், 'இயல்பு அல்ல' என்று எழுதினேன். இந்த முறை நாலு நொடியில் முடியவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்து எழுதினேன். திங்கட்கிழமை என் வேலை இருக்குமா என்று தெரியாது. நான் ஒப்பந்த டியூட்டர்தான், போ என்றால் போக வேண்டியவள். பயம் இருந்தது. அறுபது தடவை உள்ளே போய் வந்த பிறகு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனநல ஓ.பி. வராந்தாவில் அறுபது பேரும் வெள்ளைக் கோட்டோடு வரிசையாக நின்றார்கள். போகிற வருகிற நோயாளிகள் இவர்களிடம் வழி கேட்டார்கள். கிருத்திக் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெர்லின் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், அது எனக்க ஃபைலு" என்றாள். "நான்தான் எல்லாருக்கும் குடுத்தது."

அவளைத் திட்டுவேன் என்று இன்னமும் பயந்துகொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய் என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வி புரியவில்லை.

"அன்னைக்கு எனக்கு நல்ல நாளாக்கும் மேடம்" என்றாள். "காலையில அம்மா ஃபோன்ல பேசினா. இன்டர்னல்லயும் பாஸாயிருந்தேன். அதான் அன்னைக்குப் பதிஞ்சேன். நார்மல்னா நல்ல நாளுலதானே எடுக்கணும்?"

நான் அவளைப் பிடித்து இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அப்படியே அவளை வரிசையின் முதலில் நிறுத்தி உள்ளே கூட்டிப் போனேன்.

சீனியர் டாக்டர்கள் யாரும் இல்லை. மேற்படிப்புப் படிக்கும் ஓர் இளம் டாக்டர் மட்டும் இருந்தார். வியாழக்கிழமை காலை வந்தவராம், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. மேசைமேல் டீ ஆடை கட்டிக் கிடந்தது. அறுபது பேர் என்றதும் முகம் சுளிக்கவில்லை. பொறுமையாக என்னை உட்காரச் சொல்லி முழுக்கதையையும் கேட்டுக்கொண்டார். ஜெர்லினிடம் ஊர், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அன்பாக விசாரித்தார். பிறகு அவளைப் புதிதாகப் பத்து நிமிடம் பதிந்து, அதைத் தன் தொப்பியில் ஓட்டினார்.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கழற்றி வயரைச் சரிபார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். முழுசாகப் பத்து நிமிடமும் பார்த்தார்.

"நல்லாவே பாத்துட்டேன் மேடம்" என்றார் சிரித்தபடி. "ஒரு வித்தியாசமும் தெரியல. நார்மல்தான்."

நான் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சீட்டுக்கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி மேசைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"பேரும் வயசும் சொல்லுங்க டாக்டர்."

யாருக்கு என்று கேட்டார். பேனா முனையைச் சீட்டில் பெயர் எழுதும் இடத்தில் வைத்தேன். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது. கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். ஜெர்லினைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார்.

"அப்புறம் இவங்களை யார் மேடம் பாக்கறது?" என்றார்.

"அதை டீன்கிட்டப் போய்க் கேப்போம். அறுபத்தொரு சீட்டையும் எடுத்துட்டுப் போயே கேப்போம். மொதல்ல பேரச் சொல்லு கண்ணு."

ஜெர்லின் எழுந்து, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்தினாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்து அதில் உட்கார்ந்தார்.

"சாய் பிரணவ்" என்றார். "இருபத்தேழு."